சுலைகாவின் பெயர்

அந்தமானின் பாம்பூஃப்ளாட்டில் வாப்பா கட்டிய ஸ்பீட் போட்டுகளுக்கெல்லாம் மகள் பெயர்தான்: சுலைகா. எந்தக் காற்றிலும் சுலைகா கரை சேர்த்துவிடும் என்று மாயாபந்தர் வரைக்கும் பேச்சு. வாப்பா மௌத்தானதும் அண்ணன் பட்டறையை அந்தப் பெயரோடு சேர்த்து மெயின்லேண்டுக்காரர் சுதாகருக்கு விற்றுவிட்டான். அவளுக்கு மிஞ்சியது வாப்பாவின் பழைய படகு ஒன்றுதான்.

சுதாகர் படகின் ஃபைபரை மெலிசாக்கினார். மட்டமான எஞ்சினை மாட்டினார். "சுலைகா இன்னைக்கும் நடுவழியில படுத்துட்டா" என்று படகுத்துறை ஜெட்டியில் ஆம்பளைகள் சிரிக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது. என்றைக்காவது சிக்குவான் என்று காத்திருந்தாள்.

சிக்கினார். படகு வாங்க வந்தவர்களை ஏற்றிப்போன சுதாகர், எஞ்சின் நின்று சாத்தம் தீவுக்கு எதிரே தத்தளித்தார். சுலைகா தன் படகில் போய்க் கயிறு கட்டி இழுத்தாள். கரைக்கு அல்ல, ஆபீஸ் கூட்டம் நிரம்பிய ஃபெர்ரியின் பக்கமாக.

"அக்கா, எல்லாரும் பார்க்கிறாங்க. கரைக்கு விடுங்க."

எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு கத்தியை அவரிடம் நீட்டினாள். "முதல்ல படகுல இருக்கிற என் பேரைச் சுரண்டி எடு."

ஃபெர்ரியே வேடிக்கை பார்க்க, அவர் குனிந்து சுரண்டினார். முடித்துவிட்டதாக நினைத்து நிமிர்ந்தார்.

"இன்னும் ஒரு எழுத்து இருக்கு," என்றாள் சுலைகா.