எண்ணாமல் விட்ட முதல் பாத்தி

கணித இதழில் வந்த அந்தக் கட்டுரையை மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து செல்போனில் படித்தேன். மேலே என் தோழியின் பெயர் மட்டும் இருந்தது. உள்ளே இருந்தது என் நிரூபணம்.

இருவரும் புதுச்சேரியில் கணித ஆராய்ச்சி மாணவிகள். ஐந்து வருடமாக ஒரே பஸ், ஒரே டிபன் பாக்ஸ். கம்ப்யூட்டரால் முடிவுசெய்யவே முடியாத எண் கணங்கள்தான் எங்கள் பாடம். அதை மரக்காணத்தில் எங்கள் வீட்டு உப்பளத்து வரப்பில் வைத்துத்தான் அவளுக்கு விளக்கினேன்.

"பாத்தி முடிவே இல்லாம போயிட்டே இருக்குதுன்னு வெச்சுக்கோ. ரெண்டாவது, நாலாவது, எட்டாவது, பதினாறாவது, இந்த மாதிரி எடத்துலதான் உப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மத்ததெல்லாம் காலி. எதைக் கேட்டாலும் இல்லன்னு சொல்ற புரோகிராம்கூட அநேகமா எல்லாத்துலயும் சரியாத்தான் சொல்லும். போகப் போக தப்போட பங்கு பூஜ்யத்துக்கு வந்துடும். ஆனா தெரிஞ்சுக்க வேண்டியது மொத்தமும் அந்தத் தப்புலதான் கெடக்குது."

இதுவரை ஊரறிந்த விஷயம். ஒவ்வொரு விடையையும் ஒரு தொகுதி எண்களில் அடர்த்தியாகப் பரப்பிவிட்டால் எந்தப் புரோகிராமும் குத்துமதிப்பாகக்கூடத் தப்பிக்க முடியாது என்பதைப் புது வழியில் நிரூபித்தவள் நான். மூன்று வருட உழைப்பு. என் பட்டமே அதை நம்பித்தான் இருந்தது. பிழை பார்க்கச் சொல்லி நோட்டை அவளிடம்தான் கொடுத்தேன்.

இருவருக்கும் ஒரே யோசனை வந்திருக்கலாம் என்று மனதை ஆற்றிக்கொள்ளப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் அந்த ஆறுதலும் போயிற்று. நிரூபணம் முதல் தொகுதியை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. கணக்குக்கு அது தேவையே இல்லை. எங்கள் அளத்தில் முதல் பாத்தி தண்ணீர் தேக்க மட்டும்தான். அதில் உப்பு விளையாது, அதனால் யாரும் அதை எண்ண மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் நான் செய்த கோணல் அது. பெருமுக்கல் பக்கம் நெல் வயலில் வளர்ந்தவளுக்கு அது எங்கிருந்து வரும்? என் கோணலைக்கூட விட்டுவைக்கவில்லை.

போன் போட்டேன். "ஏன்டி இப்படிப் பண்ணினே?"

அவள் சொன்னாள். "வேலைக்கு பேப்பர் வேணும்னு சொல்லிட்டாங்கடி. நீ பொறுத்துக்குவேன்னு நெனச்சேன். இத்தனை வருஷத்துல உனக்கு எவ்ளோ செஞ்சிருக்கேன். இது ஒண்ணுதானே."

பொய்யில்லை. எனக்கு டெங்கு வந்தபோது ஒரு வாரம் ஆஸ்பத்திரித் தரையில் படுத்துக் கிடந்தவள் அவள். மற்ற எல்லா நாளும் நல்லவளாகத்தான் இருந்தாள்.

"ஒண்ணுதான்டி," என்றேன். "எங்கிட்ட இருந்ததும் அது ஒண்ணுதான்."