வெறுங்கழுத்துக் காளை

எட்டாம் வகுப்புக்கு நான் இங்கிலீஷ் டீச்சர். வகுப்பறையில் இங்கிலீஷில் ஒரு வார்த்தை கேட்டால் போதும், எல்லாத் தலைகளும் டெஸ்குக்கு அடியில் போய்விடும். திருக்கோகர்ணத்தில் எங்கள் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில், நீளமான காம்பவுண்டு சுவரில் ஓவியர் ஒருவர் ஜல்லிக்கட்டு வரைந்துகொண்டிருந்தார். ஒருநாள் நோட்டும் கையுமாகப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனேன்.

"சுவர்ல என்னென்ன இருக்கோ, இங்கிலீஷ்ல எழுதுங்க. தெரியலைன்னா என்னையக் கேளுங்க."

கேளுங்க என்று சொன்னதுதான் தப்பு.

முதலில் கொம்பு, வால், கூட்டம், தூசி என்று கேட்டார்கள். சட்டுச் சட்டென்று சொன்னேன். குரலில் கொஞ்சம் பெருமைகூட ஏறிவிட்டது. அப்போது ஒரு பெண் முன்னால் வந்தாள். ஜூன் மாதத்திலிருந்து என்னிடம் 'எஸ் டீச்சர்' தவிர வேறெதுவும் பேசாதவள். அவள் வீட்டில் ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கிறார்கள்.

"டீச்சர், எங்க மாட்டுக்குக் கழுத்துக்கு அடியில தோலு தொங்கும். சுவர்ல இருக்குற மாட்டுக்கு அது இல்ல. அதுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

பதினைந்து வருஷமாக இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். அந்தத் தோல் என்னை மடக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. போனையும் பள்ளியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

"நல்ல கேள்வி. நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு நோட்டில் ஏதோ எழுதினாள். எட்டிப் பார்த்தேன். 'தொங்கும் தோல் – டீச்சருக்குத் தெரியாது.'

மறுநாள் போர்டில் 'டியூலாப்' என்று இங்கிலீஷில் பெரிதாக எழுதினேன். வகுப்பே ராகம் போட்டுப் படித்தது. அவள் மட்டும் கையைத் தூக்கினாள்.

"அந்த மாடு வெறுங்கழுத்தா நிக்குது டீச்சர். வரையிறவர்ட்ட நானே சொல்லவா? இங்கிலீஷ்லயே சொல்றேன்."

தானாக இங்கிலீஷ் பேசுகிறேன் என்று ஒரு பிள்ளை வந்தால் விடுவேனா? பள்ளி விட்டதும் போனோம். பின்னாலேயே பாதி வகுப்பு வந்தது.

"சார், நோ டியூலாப். புல் வான்ட் டியூலாப்" என்றாள். இலக்கணத்தை நான் கண்டுகொள்ளவில்லை.

ஸ்டூலில் நின்றிருந்த ஓவியர் திரும்பினார். "லேப்டாப்பா? மாட்டுக்கு எதுக்கு ஆத்தா லேப்டாப்பு?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தன் கழுத்துத் தோலைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். அவர் கீழே இறங்கி, நாலடி பின்னால் போய்ச் சுவரைப் பார்த்தார்.

"ஆமால்ல! கன்னுக்குட்டி கழுத்தால்ல இருக்கு."

உடனே பிரஷை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் காளைக்குக் கழுத்துக்கடியில் மடிப்பு மடிப்பாகத் தோல் இறங்கியது.

"போதுமா?"

"லிட்டில் மோர்" என்றாள். இன்னும் கொஞ்சம் தொங்கவிட்டார். பிறகு குளம்பைக் காட்டி, "இதுக்கு என்ன சொல்லுவாங்க?" என்று அவளையே கேட்டார்.

"ஹூஃப்."

"ஊப்பு."

"ஊப்பு இல்ல. ஹூஃப். எங்க, திரும்பச் சொல்லுங்க!"

மூன்று தடவை சொல்ல வைத்தாள். அந்த அதட்டலையும் கண்ணை உருட்டுவதையும் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பிள்ளைகள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்த பிறகுதான் எங்கே என்று புரிந்தது.