திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர்

பொம்மையார்பாளையத்தில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். டைரக்டர் இன்னாசி சாரின் மகள் ஸ்டெல்லா போனில் கூப்பிட்டாள். "அங்கிள், அப்பா போயிட்டாரு. காபி கேட்டாரு, கலக்கி எடுத்தாந்தேன், அதுக்குள்ள போயிட்டாரு" என்றாள். அழவில்லை. அழுவதற்கு இன்னும் நேரம் கிடைக்காதவள் போலப் பேசினாள். மீன்காரம்மா பின்னாலிருந்து கூப்பிடக் கூப்பிட, பையை அங்கேயே போட்டுவிட்டு மரக்காணம் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் செல்போனைத் திறந்தால், எங்கள் சினிமா நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதற்குள் நாற்பது பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். அவர்கள் கும்பிட்ட போட்டோ இன்னாசி சாருடையது அல்ல. அவர் படங்களில் வழக்கமாக மாமனார் வேஷம் கட்டுகிற நடிகருடையது. கொஞ்ச நேரத்தில் அந்த நடிகரே வந்து, தான் நன்றாக இருப்பதாகவும் இப்போதுதான் இட்லி சாப்பிட்டதாகவும் எழுதினார். எனக்கு ஆத்திரமாக வந்தது, சிரிப்பும் வந்தது. இன்னாசி சார் இருந்திருந்தால் அந்தத் தப்பான அஞ்சலியையும் ஒரு பிரிண்ட் எடுத்துப் பத்திரப்படுத்தியிருப்பார்.

அவரை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன் என்றாலும், புதியவர்களுக்காக நாலு வரி. மரக்காணத்தில் உப்பளம் வைத்திருந்த கத்தோலிக்கக் குடும்பம். அண்ணன் அளத்தைப் பார்த்துக்கொண்டார், தம்பி சென்னைக்குப் போய்ப் படம் எடுத்தார். மொத்தம் ஒன்பது படங்கள், ஒன்பதும் குடும்பப் படங்கள். அவற்றில் ஆறுக்கு நான் வசனம். "குடும்பப் படம்னா குடும்பத்தோட வந்து பாக்குறது இல்லப்பா. பாத்துட்டு ஊட்டுக்குப் போற வழியில அவங்க என்னா பேசிக்கிறாங்களோ, அதான் படம்" என்பார். சண்டைக் காட்சி கேட்டு வந்த விநியோகஸ்தர்களிடம்கூட இதையே சொல்லி, மோர் கொடுத்து அனுப்பிவிடுவார்.

அவருக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. முதல் பிரதி தயாரானதும், சென்னையில் பெரிய மனிதர்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்ட மாட்டார். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. அந்த நாட்களாகப் பார்த்துப் படப் பெட்டியை மரக்காணம் தியேட்டருக்குக் கொண்டு வந்து, அளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் காலைக்காட்சி போடுவார். அவர் மட்டும் படம் பார்க்க மாட்டார். திரைக்குக் கீழே ஒரு ஸ்டூலைப் போட்டு, திரைக்கு முதுகு காட்டி, ஜனங்களைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். மடியில் ஒரு நோட்டு. சிரித்தால் 'சி', அழுதால் 'அ', கை தட்டினால் 'கை'. இந்த மூன்றில் எதுவும் விழாத இடத்துக்குக் கத்தரி. நான் ராப்பகலாக உருகி எழுதியதெல்லாம் அந்த நோட்டில் வெறும் காலி இடமாக இருந்ததைப் பார்த்து எத்தனையோ முறை அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். "என்னோட சண்ட போடாத, அவங்களோட போடு" என்பார்.

ஏழாவது படத்தின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். அடிக்கிற புருஷனை விட்டுவிட்டுக் குழந்தையோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுகிறாள் ஒருத்தி. கடைசியில் அவன் வந்து கண்ணீர் விட்டுக் கூப்பிடுகிறான். அவள் இலை போட்டுச் சோறு வைக்கிறாள். "சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க" என்கிறாள். அதோடு படம் முடிகிறது. நான் எழுதிய வசனங்களில் நான் வெட்கப்படாத ஒரே வசனம் அது.

மரக்காணத்தில் அந்த இடம் வந்தபோது தியேட்டர் அப்படியே இருந்தது. ஒரு கை தட்டல் இல்லை, ஒரு விசும்பல் இல்லை. விளக்குப் போட்டதும் எழுந்து போய்விட்டார்கள். இன்னாசி சார் நோட்டை மூடிவிட்டு, "விழலப்பா" என்றார். ஒரே வாரத்தில் புது முடிவு எழுதப்பட்டு, எடுக்கப்பட்டு, ஒட்டப்பட்டது. இப்போது அவள் பையை எடுத்துக்கொண்டு புருஷன் பின்னால் நடந்தாள். ரிலீசில் விசில் கூரையைப் பிய்த்தது. நூறு நாள் ஓடியது.

சில வருடங்கள் கழித்து, பத்தாவது படத்துக்குக் கதை பேச என்னை ஊருக்கு அழைத்துப் போயிருந்தார். காலையில் அண்ணனின் உப்பளத்தில் நடந்துகொண்டிருந்தோம். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்களிடம், தன் படங்களில் எது பிடிக்கும் என்று வழக்கம்போல் கேட்டார். எல்லாரும் ஏதேதோ சொன்னார்கள். தனபாக்கியம் என்ற பெண் மட்டும், ஏழாவது படம், ஆனால் முதலில் போட்டுக் காட்டியது, என்றாள். அதற்குத்தான் யாரும் கை தட்டவில்லையே என்றார் இவர்.

"எப்படி சார் தட்டுறது? எங்க மனசுல இருந்தத அந்தப் பொண்ணு சொல்லிட்டுது. வாயடச்சிப் போயி உக்காந்திருந்தோம்" என்றாள். பிறகு மெதுவாக மீதியைச் சொன்னாள். அவளும் அப்போது கைக்குழந்தையோடு அண்ணன் வீட்டில்தான் இருந்திருக்கிறாள். படம் வெளிவந்ததும் அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சினிமாவிலேயே போகிறாள் பார், நீயும் கிளம்பு என்று கொண்டுபோய் விட்டுவிட்டார். அவளுடைய இடது முழங்கை நேராக நீளாது. அது அதற்குப் பிறகு வந்தது. "உங்கள கொற சொல்லல சார். கேட்டீங்க, சொன்னேன்" என்று மறுபடி குனிந்து வார ஆரம்பித்தாள்.

ரோட்டுக்கு வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அவர் சொன்னார்: "சத்தத்தத்தான் எழுதிட்டு வந்திருக்கேன். சும்மா இருந்தா அது என்னான்னு எழுத என் நோட்டுல எடமே வைக்கலப்பா."

பத்தாவது படம் நின்றுபோனது. டிவி சீரியல்கள் வந்ததால் ஒதுங்கினார் என்று இந்த வாரப் பத்திரிகைகள் எழுதுகின்றன. பொய். அந்தக் காலையோடுதான் ஒதுங்கினார்.

அவர் பழைய சினிமாப் பொருள்களின் சேகரிப்பாளரானதும் அதனால்தான். வெட்டிப்போட்ட அந்த முதல் முடிவின் ரீலைத் தேடிக் கிளம்பினார். லேபில் இல்லை. திண்டிவனம், புதுச்சேரி, செஞ்சி என்று மூடிப்போன தியேட்டர்களுக்கும் காயலான் கடைகளுக்கும் அலைந்தார். போன இடத்திலெல்லாம் ரீல் இல்லை, பழைய பாட்டுப் புத்தகம் இருந்தது, ஸ்லைடு கண்ணாடி இருந்தது, ஹவுஸ்ஃபுல் போர்டு இருந்தது. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் அவற்றைத் தூக்கி வந்தார். உப்புக் காற்றில் இரும்பு பீரோக்கள் துருப்பிடித்து உதிர, எல்லாவற்றையும் மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்களுக்கு மாற்றினார். பொக்கிஷம் என்றார்கள், விருது கொடுத்தார்கள். "தேடுனது கெடைக்கல, கெடைச்சத வச்சிருக்கேன். அதுக்கு ஷீல்டாம்" என்று என்னிடம் சிரித்தார். ரீல் கடைசிவரை கிடைக்கவில்லை.

எழுபது வயதுக்கு மேல் பேனாவை எடுத்தார். தன் படங்களைப் பற்றிய புத்தகத்தில் ஏழாவது அத்தியாயம் முழுக்க அந்த முடிவைப் பற்றித்தான். ஓடின படத்தைத் தானே தப்பு என்று எழுதலாமா, எடுத்துவிடுங்கள் என்றார் பதிப்பாளர். அந்த அத்தியாயம் இல்லையென்றால் புத்தகமே வேண்டாம் என்றுவிட்டார்.

அடக்கத்துக்கு அளத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் தனபாக்கியம் என்னை அடையாளம் கண்டு நிறுத்தினாள். போன வருஷம் அவள் மகளும் அடி வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருக்கிறாள். தனபாக்கியத்தின் அண்ணன் இப்போது கிழவர், ஆனாலும் பேச்சு அதேதான். "அப்ப சார்கிட்ட போயி சொன்னேன். புக்க எடுத்துக்கிட்டு எங்க ஊட்டுக்கே வந்துட்டாரு. எங்க அண்ணன் எதிர்ல உக்காந்து படிச்சிக் காட்டுனாரு. நான் எடுத்தது தப்புங்க, அத வச்சி யாரையும் அனுப்பாதீங்கன்னாரு. அண்ணன் தல குனிஞ்சிக்கிட்டாரு. பொண்ணு எங்கூடத்தான் இருக்குது" என்றாள். இதை இன்னாசி சார் என்னிடம் சொன்னதே இல்லை.

அந்த அத்தியாயத்தை நானும் பலமுறை படித்திருக்கிறேன். முடிவை மாற்றினேன் என்று இருக்கிறதே தவிர, எழுதிக் கொடுத்தது யார் என்று அதில் இல்லை. ஒருநாள் கேட்டேன். "மொத முடிவும் ஒன்னுதுதானேப்பா. அது போதும்" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். மேலே அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னபோதுகூட எவ்வளவு சாமர்த்தியமாக நழுவினேன் என்று பார்த்திருப்பீர்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு பின்னால் நடக்கும் காட்சியை எழுதியவன் நான்தான். சண்டைகூடப் போடவில்லை. ஒரு மத்தியானத்தில் எழுதிக் கொடுத்தேன், நூறாவது நாள் மேடையில் மாலையும் போட்டுக்கொண்டேன்.

கல்லறைத் தோட்டத்தில் தனபாக்கியத்திடம் இதைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன். இன்னாசி சாரின் பொருள்களில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஸ்டெல்லா சொல்கிறாள். எனக்கு ஒன்றும் வேண்டாம். இத்தனை வருடம் அந்தத் தப்பில் என் பங்கையும் சேர்த்து அவரே சுமந்தார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்தப் பங்கைத்தான். இந்தப் பக்கங்கள் அச்சுக்குப் போவதற்கு முன் மரக்காணம் போய், தனபாக்கியத்துக்கும் அவள் மகளுக்கும் எதிரில் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் படித்துக் காட்டப்போகிறேன்.