டென்ட் விழுந்த பீரோவும் ரஃபீக்கின் 'ம்'மும்

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

ரஃபீக் போய்விட்டான். நேற்று காலை கடை ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே...

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஸ்டீல் பீரோ வாங்கியவர்களுக்கு அவனைத் தெரிந்திருக்கும். இந்தக் குரூப்பில் நாம் பேசும் இசைக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் பலருக்குத் தெரியாது. தெரியாமல் ஒருவர் பார்த்துக்கொண்டார்.

2000-களின் நடுவில் நாங்கள் மூன்று பேர் இண்டஸ்ட்ரியல் மியூசிக் செய்துகொண்டிருந்தோம். டிரம்ஸ் கிடையாது. மெஷினும் தகரமும் போடும் சத்தத்தை எடுத்து, அதை இன்னும் கிழித்து, அதில் தாளம் கட்டுவோம். நான் அப்போது சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. ரஃபீக் அவன் அத்தாவோடு கடையில். மூன்றாவது ஆள் இன்று பெரிய ஸ்டுடியோ வைத்திருக்கிறார். பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் அவருக்குத்தான் விளம்பரம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரஃபீக்கின் ஸ்கூட்டரில் மறைமலை நகர் வரை போவோம். தகடு அடிக்கும் ஏதாவது ஒரு பிரஸ் ஷாப் காம்பவுண்டுக்கு வெளியே மைக்கை நீட்டிக்கொண்டு நிற்போம். ஒருமுறை வாட்ச்மேன் வந்துவிட்டார்.

"இன்னா சார் பண்றீங்க?"

"சத்தம் எடுக்கிறோம்ணா," என்றான் ரஃபீக்.

"எட்துனு போய்?"

"வூட்ல வச்சி கிழிப்போம்ணா."

அவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஓரமா நின்னு எடுங்க, லாரி வரும்" என்றார்.

ஆனால் நாங்கள் தேடிய சத்தம் அவன் கடையிலேயே இருந்தது.

பீரோ வாங்க வருபவர்கள் முதலில் பக்கத் தகட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். தகடு கனமாக இருந்தால் சத்தம் அடங்கி வரும். மெல்லிசாக இருந்தால் அதிரும். அதிர்ந்தால் போயிற்று, அடுத்த கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். ரஃபீக்குக்கோ அதிர்வதுதான் பிடிக்கும். கஸ்டமர் இருக்கும்போதே அவனும் போய்த் தட்டிக் கேட்பான். அத்தா உள்ளேயிருந்து, "டேய், வாங்க வந்தவர் தட்டட்டும். நீ ஏன்டா தட்டுற?" என்பார்.

லாரியில் வரும்போது இடிபட்டு, பக்கத் தகடு ஒடுங்கி டென்ட் விழுந்த பீரோ ஒன்று விற்காமல் பின்னால் குடோனில் கிடந்தது. அவன் அதன் உள் லாக்கருக்குள் மைக்கை வைத்துப் பூட்டிவிட்டான். பழைய ரப்பர் செருப்பைச் சுத்தியலில் கட்டி, டென்ட் விழுந்த இடத்தில் அடித்தான். ரெக்கார்டரின் லெவல் முள் சிவப்பைத் தாண்டி நிற்கும்படி டேப்பில் எடுத்தோம். அதையே ஸ்பீக்கரில் அலறவிட்டு மறுபடி டேப்பில் எடுத்தோம்.

அந்தச் சத்தம்... யாரோ பூமியின் கதவை இழுத்துச் சாத்துவது போல இருந்தது.

அதில் ஒரு சிக்கல். ரஃபீக் எதை ஆரம்பித்தாலும் முன்னால் சின்னதாக ஒரு 'ம்' சொல்வான். ஸ்கூட்டரை உதைக்கும் முன், டீ டம்ளரை எடுக்கும் முன், ஷட்டரைத் தூக்கும் முன். அடிப்பதற்கு முன்னும் சொன்னான். சத்தத்தை அப்படி நசுக்கும்போது பெரிய சத்தம் தட்டையாகும், அடியில் கிடப்பதெல்லாம் மேலே வரும். அவனுடைய 'ம்', அடிக்குச் சமமாக எழுந்து அதோடு ஒட்டிக்கொண்டது.

"வெட்டிடவா மச்சான்?" என்றேன்.

"வெட்டிப் பாரு."

வெட்டினேன். வெறும் தகரம். திரும்பச் சேர்த்துவிட்டேன்.

அந்த சாம்பிள்களை எல்லாம் ஒரு சிடியில் போட்டு மூன்றாவது ஆளுக்கும் கொடுத்தான் ரஃபீக். அடுத்த வருஷம் அந்த பீரோ சத்தம் ஒரு பைக் விளம்பரத்தில் வந்தது. பிறகு எங்கெங்கோ வந்தது. "அவரோட சவுண்ட்" என்றே அதற்குப் பெயர் ஆகிவிட்டது. நான் கொதித்தேன். இப்போதும் அப்படித்தான், அதில் எனக்கு வெட்கமில்லை. ரஃபீக் மட்டும் கடையில் டிவியில் அந்த விளம்பரம் வரும்போதெல்லாம் வால்யூமைக் கூட்டுவான்.

"சத்தம்தானே எடுத்துனு போனாரு. பீரோ நம்மகிட்டதான் இருக்கு. விடு மச்சான்."

விட்டேன். அவன் சொன்னதற்காக.

நேற்று சாயங்காலம் அந்த மூன்றாவது ஆள் ஒரு அஞ்சலி போட்டிருந்தார். "தாம்பரம் குடோன் ஒன்றில் நான் அந்த சவுண்டைக் கண்டுபிடித்தபோது கூட நின்று உதவிய தம்பி" என்று. ஆயிரக்கணக்கில் லைக்.

ரஃபீக் அவரைவிட மூத்தவன்.

அடக்கம் முடிந்து வந்தபோது ரஃபீக்கின் தம்பி என்னைக் குடோனுக்குக் கூட்டிப்போனான். அந்த பீரோ அங்கேயே நின்றது. "எடைக்குப் போட்டுடலாம்னு எவ்ளோ வாட்டி சொன்னேன், கேக்கவே மாட்டான்ணா," என்றான். பிறகு போனைக் காட்டினான். "இதப் பாத்தீங்களா? எங்க அண்ணன் கூட நின்னானாமே. நீங்க இருந்தீங்கல்ல. நீங்க எழுதுங்கண்ணா."

நான் பீரோவின் பக்கத் தகட்டருகே போனேன்.

"தட்டிப் பாக்கணுமா? தட்டுங்க."

தட்டினேன். அதே அதிர்வு. முன்னால் ஒன்றும் இல்லை.

அதனால் எழுதுகிறேன். உங்களில் பலரிடம் அந்த சவுண்ட் இருக்கிறது. ஹெட்போனில் போட்டு, அடி விழுவதற்குச் சற்று முன்னால் கவனியுங்கள். அது எஃபெக்ட் இல்லை. அது ரஃபீக்.

நேற்று ஷட்டரைத் தூக்கும் முன்னும் சொல்லியிருப்பான்.

போய் வா மச்சான்.

இந்தக் குரூப்பில் பெயர் காட்டாமல் பதிவு போடும் வசதி இருக்கிறது. என் பெயர் இருந்தால், கமெண்டில் எல்லோரும் எனக்கும் அவருக்கும் ஆகாது என்பதைத்தான் பேசுவீர்கள். இன்றைக்கு அவன் பெயர் மட்டும் இருக்கட்டும். என்னுடையதைப் போடவில்லை.