சினை இல்லாத களவா

செங்கல்பட்டு போகிற வழியில் கூடுவாஞ்சேரியில் இறங்கி, ஸ்டேஷன் பக்கத்து மீன் மார்க்கெட்டில் நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஓர் அக்காவின் தட்டு நிறைய களவா, எல்லாம் உள்ளங்கை அளவு. பாறை இடுக்கில் மெதுவாக வளர்கிற மீன் இது. சினை பிடிக்கவே வருஷக்கணக்காகும். இவற்றுக்கு அந்த வயசு வரவே இல்லை.

"என்னக்கா, எல்லாம் குஞ்சா இருக்கு?"

"பெருசு எங்க சார் கீது? எப்பனா ஒண்ணு மாட்னா எக்ஸ்போர்ட்டுக்குப் பூடுது. இங்க ஃபிளாட்டுக்காரங்க தட்டுல முழுசா வெக்கிற சைஸ்தான் கேக்குறாங்க."

பக்கத்தில் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தவர் குனிகிறார். "அஞ்சு போடுங்கக்கா, முழுசா பொரிக்கணும். சினை இருந்தா தனியா எடுத்து வைங்க, வீட்ல அதுக்குத்தான் சண்டையே."

அக்கா ஐந்தையும் கீறுகிறார். ஒன்றிலும் இல்லை.

"என்னக்கா, நல்லா ஏமாத்துறீங்களே!"

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "தொட்டில்ல கிடக்கிற குழந்தைகிட்டப் போய் பேரப்பிள்ளை கேக்குறீங்களே சார்!"

அவர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். பிறகு அக்காவிடம் திரும்பி, "இன்னும் ரெண்டு கீறிப் பாருங்க" என்கிறார்.

அக்கா கீறுகிறார்.