கடைசி ரீல் இல்லாத அம்மன் படம்

போன வாரம் தங்கை ஜன்னலோரம் உட்கார்ந்து கால் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். வாத்தியார் வேலைக்குப் படிக்கிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று, அண்ணனாய் லட்சணமாக அதட்டத்தான் உள்ளே போனேன். போனவன் அப்படியே நின்றுவிட்டேன். அந்தச் சீசாவிலிருந்து, கனிந்த வாழைப்பழமும் மருந்தும் கலந்தது போல ஒரு வாசனை.

"என்னண்ணே, மூக்க மூக்க உறிஞ்சுறே? ஒனக்கும் பூசி விடவா?" என்றாள்.

அவளுக்கு அது நகச்சாயம். எனக்கோ அது அறுந்த ஃபிலிம் ஒட்டும் பசை. ஜப்பான்காரன் எங்கள் தீவைப் பிடித்து ஆண்ட காலத்தில் விரலெல்லாம் அந்த வாசனையோடுதான் சோறு தின்றேன். சோறு என்பது பேச்சுக்கு. தின்றது மரவள்ளிக்கிழங்கு.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். படிப்பை முடித்ததும் ஏதோ ஒரு ஆபீஸில் எனக்காக நாற்காலியைத் துடைத்து வைத்திருப்பார்கள் என்று அவர் நம்பினார். நானும் கொஞ்சம் நம்பினேன். அதற்குள் வெள்ளைக்காரன் ஓடிவிட்டான், நாற்காலியும் போய்விட்டது. கடைசியில் சூலியா தெருவுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட காதர் பாய் கொட்டகையில், ரீல் சுற்றவும் ஒட்டவும் சேர்ந்தேன். "இங்கிலீசு படிச்ச புள்ள, பசையக் கீழ சிந்தாம ஒட்டும் லா" என்று பாய் எல்லோரிடமும் சொல்வார். என் படிப்புக்கு அன்றைக்குக் கிடைத்த மரியாதை அது.

கப்பல் நின்றுபோனதால் புதுப்படம் கிடையாது. பாயிடம் இருந்ததெல்லாம் யுத்தத்துக்கு முன்னால் வந்து மாட்டிக்கொண்ட பழைய தமிழ்ப் படங்கள். அதில் ஒன்று அம்மன் படம். கடலோரத்து ராஜா ஒருவன்; சாமியாவது பூதமாவது என்பவன். ராணியோ பெரிய பக்தை. அம்மன் நிஜமானால் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கட்டும், இல்லாவிட்டால் சிலையைப் பெயர்த்துக் கடலில் தள்ளுவேன் என்று ராஜா கெடு வைக்கிறான். நடுவில் பாம்பு பேசும், யானை பறக்கும். யானையின் முதுகுக்கு மேலே கயிறு தெரியும். ஆனாலும் ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கடைசியில் ராஜா கடப்பாரையை ஓங்கிக்கொண்டு கருவறைக்குள் நுழைகிறான். அம்மன் முகம் பெரிதாகத் தெரிகிறது. அத்தோடு சரி. திரை வெள்ளை.

கடைசி ரீல் எங்களிடம் இல்லை.

அது போன கதையும் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேருவதற்கு முன்னால், இந்தப் படத்தை இலவசமாகக் காட்டப்போவதாக ஜப்பான்காரர்கள் அறிவித்தார்கள். கொட்டகை நிறைய ஆம்பிளைகள். கடைசி ரீல் மாட்டுவதற்குள் விளக்கைப் போட்டார்கள். வாசலில் துப்பாக்கி, வெளியே லாரி. உடம்பில் தெம்பு இருந்தவர்களையெல்லாம் பொறுக்கி ஏற்றி, சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் ரீல் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. அதன்பிறகு எங்கள் கொட்டகைக்கு ஆம்பிளைகள் வருவதே நின்றது. பெண்களும் கிழவர்களும்தான்.

"கடைசிய நீ வாயால முடிச்சுரு தம்பி" என்று பாய் ஒரு தகரக் குழலைக் கையில் கொடுத்தார்.

"முடிவு என்ன பாய்?"

"அம்மன் கண்ணத் தொறந்துச்சு. பொம்பளைங்க எல்லாம் விழுந்து கும்பிட்டாங்க, நானே பாத்தேன்."

மெஷின் ஓட்டுகிற யாழ்ப்பாணத்து அண்ணர் தலையை நீட்டினார். "இல்லைத் தம்பி, திறக்கேல்லை. அரசன்தான் குருடாப் போறான். அவர் பொம்பிளையளைப் பாத்திருக்கிறார். நான் படத்தைப் பாத்தனான்."

இரண்டு பேரும் சத்தியம் செய்தார்கள். நான் பாய் கட்சியில் சேர்ந்துகொண்டேன். சம்பளம் தருகிறவர் அவர். வெள்ளைத் திரைக்குப் பக்கத்தில் நின்று, "அம்மன் கண்ணைத் திறந்தாள்!" என்று குழலில் கத்துவேன். பெண்கள் எழுந்து, ஒன்றுமேயில்லாத அந்த வெளிச்சத்துக்கு எண்ணெய்த்திரி ஏற்றிச் சுற்றுவார்கள். "ஐயோ, நெருப்பு! நெருப்பு!" என்று அண்ணர் மேலேயிருந்து அலறுவார். நாலு எழுத்துப் படித்த திமிரில் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருக்கும்.

தங்கம்மாக்கா வந்த நாள்வரை அப்படித்தான்.

அவர் மரவள்ளி அடை சுட்டு விற்கிறவர். புருஷன் காத்தமுத்து கைவண்டி இழுத்தவர்; அன்றைக்கு லாரியில் ஏற்றப்பட்டவர்களில் ஒருவர். படம் தொடங்குமுன் அக்கா என்னிடம் வந்தார்.

"தம்பி, அன்னிக்கு அவரு வரமாட்டேன்னுதான் சொன்னாரு. சாமியில்ல பூதமில்லன்னு நக்கலு. போயி அந்த அம்மனையாச்சும் பாத்துட்டு வாய்யான்னு நாந்தான் வெரட்டிவிட்டேன்."

நான் சுற்றிக்கொண்டிருந்த ரீலைக் கீழே வைத்தேன்.

"இப்ப மனசுல ஒண்ணு நெனச்சுக்கிட்டு வந்திருக்கேன். ஆத்தா கண்ணத் தொறந்தா அவரு உசிரோட திரும்பி வருவாரு. தொறக்கலேன்னா இல்ல."

கோயிலில் பூக்கட்டிப் போட்டுக் கேட்பார்கள், தெரியும். சினிமாவிடம் கேட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன். பதறிப்போய், "அக்கா, கடைசி ரீலே இல்லக்கா. நான்தான் வாயால சொல்றேன்" என்றேன்.

"அதனால என்ன? கோயில்லயும் பூசாரி வாயாலதானே ஆத்தா பேசுறா?"

போய் உட்கார்ந்துவிட்டார். தினமும் கத்துகிற அதே ஒற்றை வரிதான். ஆனால் அன்றைக்கு அது ஒரு ஆளின் உயிராகிவிட்டது. நம்பாதவன் வாயால் எப்படிச் சொல்வது? என் வாயையே பார்த்து உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லாமல்தான் எப்படி இருப்பது? யானை பறந்தது, பாம்பு பேசியது, ராஜா கடப்பாரையை ஓங்கினான். திரை வெளுத்தது. குழலோடு ஏறி நின்று அவர் இருந்த பக்கம் பார்த்தேன். பெஞ்சில் இடம் காலியாக இருந்தது.

மறுவாரமும் வந்தார்; ராஜா கருவறைக்குள் நுழைகிற வரையில் இருந்துவிட்டு எழுந்து போனார். அடுத்த வாரமும் அப்படியே. ஒரு நாள் வாசலில் மறித்துக் கேட்டேன்.

"ஏங்க்கா முடிவுக்கு முந்தியே போயிடுறீங்க?"

"தொறக்கலேன்னு நீங்க சொல்லிட்டா நான் எப்புடிப்பா வீட்டுக்குப் போறது? தொறந்துச்சுன்னு சொன்னாலும், எனக்காகத்தான் சொல்றீங்கன்னு ஒங்க மொகமே காட்டிக் குடுத்துரும். ராஜா கைய ஓங்குற வரைக்கும் பாக்குறேன். அது வரைக்கும் அவரு இருக்காரு."

அதற்குப்பின் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளைத் திரையைச் சுற்றி விளக்குக் காட்டிய ஒவ்வொரு பெண்ணும் மனசுக்குள் யாரை நினைத்துக்கொண்டாளோ என்று தோன்றும்.

ஜப்பான்காரன் தோற்றான். சயாமிலிருந்து ஆட்கள் எதிர்க்கரையில் இருக்கும் பிறைவரை ரயிலில் வந்து, அங்கிருந்து படகில் இறங்கினார்கள். இறங்கினார்கள் என்றா சொல்வது? எலும்பைத் துணியில் சுற்றி இறக்கினார்கள். தங்கம்மாக்கா தினமும் படகுத்துறையில் நின்றார். துணைக்குச் சில நாள் நானும் போனேன். காத்தமுத்து வரவில்லை. அவரோடு ஒரே லாரியில் போன ஒருவர் வந்தார், காலில் ஆறாத புண்ணோடு.

"காலரா, தங்கச்சி" என்றார். அவரே தொடர்ந்தார். "நல்ல மனுசன். மழை பேஞ்சு வேல நின்னா எங்களுக்கெல்லாம் அந்தப் படக்கதையச் சொல்லுவாரு. ஆனை பறக்குற மாதிரியே கைய ஆட்டுவாரு. சீக்காளிப் பயலுக முடிவக் கேட்டுக்கிட்டேதான் கெடப்பானுங்க."

"முடிவா? அவரு முடிவப் பாக்கவே இல்லியே!"

"என்னமோம்மா. அவரு சொல்லுறப்பெல்லாம் அம்மன் கண்ணத் தொறந்துச்சு."

அக்கா சிரித்துவிட்டார். "பொய்யி! அந்தாளா? அந்தாளா சொன்னாரு?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு படகுக் கயிறு கட்டும் கட்டையில் உட்கார்ந்து அழுதார். அழுது முடித்து என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க படிச்சவுக. நீங்க சொல்லுங்க. அவரு நம்பித்தான் அப்படிச் சொன்னாரா? இல்ல, பக்கத்துல கெடந்தவங்களுக்காகச் சொன்னாரா?"

அது காத்தமுத்துவுக்கும் அவர் பக்கத்தில் கிடந்தவர்களுக்கும்தான் தெரியும். புண்காலோடு வந்தவரும் அந்த மாதமே போய்ச் சேர்ந்தார். அந்தக் கதையை அவரோடு கேட்டவர்கள் அந்தச் சயாம் காட்டிலேயே, ரயில் பாதை ஓரமாகவே புதைந்து கிடக்கிறார்கள். இப்போது அந்தப் பாதையிலும் பாதியைப் பிடுங்கி, இரும்பை விற்றுவிட்டார்களாம். போய்க் கேட்டு வரலாமென்றால் வழிகூட இல்லை.