சிப்பிக்குள் இருந்த நண்டு

அப்போது நாகர்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா போன பிறகு கோட்டாற்றில் வாடகை வீட்டில் தனியாக இருந்தேன். சனிக்கிழமை என்றாலே பயம். பேச ஆளில்லாத நாள். அதனால்தான் கடியப்பட்டணம் கடற்கரைக்குப் போகத் தொடங்கினேன்.

ஆண்கள் முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியை எடுத்துவருவார்கள். பெண்கள் கரையில் உட்கார்ந்து கத்தியால் பிளந்து சதையை எடுப்பார்கள். ஒரு நாள், பிளந்த சிப்பியின் சதை மடிப்பில் பட்டாணி அளவில் ஒரு நண்டு இருந்தது. வெளுத்து, ஓடுகூட மெத்தென்று. சிப்பி இழுக்கும் இரையில் பங்கு தின்று, வெளியே வராமலே முடிந்துபோகும் ஜாதி. வீட்டுக்குக் கொண்டுவந்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அதன் கால்கள் என்னிடமிருந்த எந்தப் புத்தகத்தோடும் ஒத்துவரவில்லை.

கல்கத்தாவில் ஒரு நிபுணருக்கு அனுப்பினேன். புதிய இனமாக இருக்கலாம், ஆனால் இது பெண், ஆணையும் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது என்று பதில் வந்தது.

பெண்தான் ஒரே சிப்பியில் அடைந்து கிடக்கும்; ஆண் நண்டு சிப்பிக்குச் சிப்பி அலைவது. லேசில் அகப்படாது. சனிக்கிழமைதோறும் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து நானும் சிப்பி பிளந்தேன்.

"ஒத்தைக்கு வாறீங்களே டீச்சரம்மா, வீட்டுல ஆளு இல்லியா?" என்று பக்கத்திலிருந்தவள் கேட்டாள்.

"இல்ல."

அவள் தன் கூடையை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஆடியில் கடல் கொந்தளித்து, யாரும் முங்கவில்லை. வீட்டிலேயே கிடந்தேன். கடல் அடங்கியதும் மறுபடி போனேன். கூடையை நகர்த்தி வைத்தவள்தான் முதலில் கத்தினாள்.

"டீச்சரம்மா, இதுல ரெண்டு கெடக்கு!"

பெரியதை ஒட்டி, நெல்மணி அளவில், கெட்டி ஓட்டோடு இன்னொன்று. ஆண்தான். இரண்டையும் குப்பியில் போட்டுக் கல்கத்தாவுக்கு அனுப்பினேன்.

புதிய இனம்தான் என்று கல்கத்தாவிலிருந்து உறுதி வந்த அன்று பள்ளியில் மற்ற டீச்சர்களிடம் சொன்னேன். "தின்னலாமா?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். மணி அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டார்கள்.

சனிக்கிழமை கடியப்பட்டணத்தில், என் பக்கத்தில் சிப்பி பிளப்பவளிடம் சொன்னேன்.

"என்ன பேரு வச்சிருக்கு?"

"இந்த ஊருப் பேருதான். லத்தீன்ல."

"மாதா கோயில் பூசையில சாமியார் சொல்லுத பாஷையிலயா?" அவள் எழுந்தே விட்டாள். "ஏட்டி, கேட்டியா? நண்டுக்கு நம்ம ஊருப் பேராம்!"

பெண்கள் கூடிவிட்டார்கள். மரச்சீனிக் கிழங்கும் சிப்பிக் கறியும் இலையில் வந்தன. அவர்கள் நடுவில் மணலில் உட்கார்ந்து தின்றேன். அவள் கூடவே பஸ் வரை நடந்து வந்தாள்.

வீடு திரும்பிப் பூட்டைத் திறந்தேன். ராத்திரிக்குச் சோறு பொங்க வேண்டியதில்லை. விளக்கைக்கூட ஏற்றாமல், நடந்ததைச் சொல்ல ஆளில்லாத வீட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.